எல்லாரும் சாப்பிட்டதாகச் சொன்ன சர்வே

1. பரவையில் ஒரு ஜீப்

சமயநல்லூரைத் தாண்டும்போது இடது செருப்பின் வார் அறுந்தது. கொஞ்ச தூரம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். பிறகு இரண்டையுமே வேலிப்பக்கம் எறிந்துவிட்டேன். ஒற்றைச் செருப்பை வைத்து என்ன செய்வது? சோழவந்தான் பக்கத்து ரைஸ்மில்லில் நெல் அவித்துக் களத்தில் காயப்போடும் வேலையை அன்று காலையில்தான் விட்டிருந்தேன். சண்டை ஒன்றும் இல்லை. நெல் தூசியில் இருமல் நிற்கவில்லை, கிளம்பிவிட்டேன். அதற்கு முன்னால் போடி மலையில் ஏலக்காய் எஸ்டேட். அதற்கும் முன்னால் சிவகாசியில் அச்சாபீஸ். ஓரிடத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் நான் நின்றதில்லை. ஒன்பதாம் வகுப்பிலும் பாதி வருஷம்தான் நின்றேன்.

பரவையில் காய்கறி இறக்கினால் இரண்டு வேளைக்குத் தேறும் என்று கேள்விப்பட்டிருந்தேன். சந்தைக்குள் நுழைகிற இடத்தில், அழுகின முட்டைக்கோஸ் கிடந்த சாக்கடையில் ஒரு ஜீப்பின் பின்சக்கரம் இறங்கி நின்றது. டிரைவர் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"யாராச்சும் ஒரு கை குடுங்கப்பா! வேடிக்கை பாக்குறதுக்கு இதென்ன தேரா?"

நான் தள்ளினேன். இன்னும் நாலு பேர் வந்தார்கள். வண்டி மேலே ஏறியபோது பின்னால் இருந்த காகிதக் கட்டு ஒன்று சரிந்து விழுந்தது. பொறுக்கி, பக்க எண் பார்த்து அடுக்கிக் கொடுத்தேன். முன்சீட்டில் இருந்த அம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோமதி மேடம். ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவர். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம்.

"படிச்சிருக்கியா?"

"ஒன்பதாவது பாதி, மேடம்."

"அதென்ன பாதி?"

"பாதியில எந்திரிச்சு வந்துட்டேன்."

டிரைவர் மீரான் பாய் சிரித்தார். "மேடம், நம்ம எம்.ஏ. படிச்ச தம்பி பக்கத்தைத் தலைகீழா அடுக்குறாரு. பாதி படிச்சது தேவலை போலிருக்கே."

"பேரு என்னப்பா?"

"சோலை."

"ஏறு. மெஷின் சுத்த ஆள் வேணும்."

எந்த மெஷின் என்றுகூடக் கேட்காமல் ஏறி உட்கார்ந்தேன். காலில் செருப்பு இல்லை என்பதை மேடம் பார்த்தார்.

2. ஷெட்யூல்

மெஷின் என்பது சைக்ளோஸ்டைல். இப்போது இருக்கிற பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்காது. மெழுகுத்தாளில் டைப் அடிப்பார்கள், அதற்கு ஸ்டென்சில் என்று பெயர். அதை உருளையில் மாட்டி, மை ஊற்றிக் கைப்பிடியைச் சுற்றினால் பக்கம் பக்கமாக வந்து விழும். வேகமாகச் சுற்றினால் ஸ்டென்சில் கிழியும், மெதுவாகச் சுற்றினால் மை அப்பும். சிவகாசியில் இருந்தவனுக்கு இது பெரிய வித்தை இல்லை.

அந்தக் காகிதங்களுக்கு ஷெட்யூல் என்று பெயர். கேள்வித்தாள்தான். ஆனால் ஆய்வுக்காரர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அதில் மூன்று பகுதிகள். முதல் பகுதி, கல்லூரியில் பாடம் எப்படி நடக்கிறது. இரண்டாவது, மாணவர் எப்படி இருக்கிறார்கள், எங்கே தங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், மனசு எப்படி இருக்கிறது. மூன்றாவது, ஊராட்சி ஒன்றியம் அவர்களுக்காக என்ன செலவு செய்கிறது. மூன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று மீரான் பாயிடம் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? மூணு பேர் மூணு ஆராய்ச்சி கேட்டிருப்பாங்க, ஜீப்பு ஒண்ணுதான் இருந்திருக்கும்."

ஆனால் சம்பந்தம் இருந்தது. கல்லூரிக்குக் கொஞ்ச தூரத்தில் ஒன்றியம் கட்டின படிப்பகம் ஒன்று இருந்தது. சிமெண்ட் ஷீட் கூரை, இரண்டு டியூப்லைட், ஒரு செய்தித்தாள். பகலில் ஊர்க்காரர்கள் பேப்பர் படிப்பார்கள். இரவில் அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கல்லூரிக்கு வந்த பையன்கள் அங்கே படித்து, அங்கேயே பாய் விரித்துப் படுப்பார்கள். அறை எடுக்க வசதி இல்லாதவர்கள். கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காதவர்கள்.

அவர்களுக்குச் சாப்பாடு பஸ்ஸில் வரும். ஊரில் அம்மா சோற்றைத் தூக்குவாளியில் வைத்து டவுன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். கண்டக்டர் எஞ்சின் பக்கத்தில் வரிசையாக வைத்துக்கொண்டு வந்து ஸ்டாப்பில் இறக்குவார். மதியத்துக்குத்தான் வந்து சேரும். அந்த ஒரு தூக்கு மதியத்துக்கும் இரவுக்கும். காலைக்கு ஒன்றும் கிடையாது.

இது கோமதி மேடத்துக்கு அரைகுறையாகத் தெரியும். அதனால் ஆய்வு தொடங்கும்போதே ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரியை, பி.டி.ஓ.வைப் பார்த்துப் பேசியிருந்தார். காகிதக் கட்டைச் சுமந்துகொண்டு நானும் கூடப் போயிருந்தேன். பி.டி.ஓ. கெட்ட மனிதர் இல்லை. முகத்தில் எப்போதும் தூக்கக் கலக்கம் இருக்கும்.

"படிப்பகத்துக்குன்னு ஒதுக்குன பணம் செலவாகாம கிடக்கு மேடம். மார்ச்சுக்குள்ள செலவு பண்ணலேன்னா திரும்பிப் போயிரும். பசங்க காலையில பட்டினின்னு உங்க ரிப்போர்ட் எழுத்துல வரட்டும். ஒரு சமையல்காரனைப் போட்டுக் கஞ்சி ஊத்திருவோம். ஆனா எழுத்துல வரணும்."

"வரும் சார்" என்றார் மேடம். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

3. முதல் மணி

மாணவர்களைக் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்த அந்த எம்.ஏ. படித்த தம்பி, பாங்க் பரீட்சை எழுதப் போனவர், திரும்பி வரவில்லை. என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்பதால் மேடம் என்னிடம் ஷெட்யூலையும் ஒரு அட்டையையும் கொடுத்தார். அன்றைக்கு நான் இன்வெஸ்டிகேட்டர் ஆனேன். சம்பளம் அதே தினக்கூலிதான்.

போவதற்கு முன்னால் புராஜெக்ட் டைரக்டர் எல்லாருக்கும் ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார். பெரிய படிப்பு படித்த பெரியவர். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"போன உடனே பேனாவை எடுக்காதீங்க. போலீஸ்காரன் மாதிரி கேள்வி கேக்காதீங்க. முதல்ல நலம் விசாரிங்க. சாப்பிட்டாச்சான்னு கேளுங்க. மனசு தானா திறக்கும்."

நல்ல யோசனைதான். அதோடு, இரண்டாம் பகுதியில் ஒரு கேள்வியே "இன்று காலை உணவு உண்டீரா?" என்று இருந்தது. நலம் விசாரித்த மாதிரியும் ஆகும், ஒரு கட்டத்தில் டிக் அடித்த மாதிரியும் ஆகும். எல்லா இன்வெஸ்டிகேட்டர்களும் அப்படித்தான் செய்தோம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, வேலை செய்கிறவன் கை தானாகக் கண்டுபிடிக்கிற குறுக்கு வழி அது.

"சாப்பிட்டாச்சாப்பா?"

"ஆச்சுண்ணே. நீங்க?"

"ஆச்சு. உக்காரு. பேரைச் சொல்லு."

டிக்.

பாடம் பற்றிய கேள்விகளுக்குப் பதில் வாங்குவது இன்னும் சுலபம்.

"சார் எப்படி நடத்துறாரு?"

"நோட்ஸ் குடுப்பாருண்ணே."

"புரியுமா?"

"எழுதிருவோம்ணே."

"எழுதுறது இருக்கட்டும், புரியுமா?"

"அவருக்கே புரிஞ்சா சரிண்ணே. அதை எழுதிறாதீங்க."

ஆசிரியர்களிடம் கேட்டால் அவர்களுக்கு ஒரே புகார்தான். முதல் மணியில் பாதி வகுப்பு தூங்குகிறது. "ராத்திரி செகண்ட் ஷோ போயிட்டு வந்து தூங்குறானுக. நான் யாருக்கு நடத்த, பெஞ்சுக்கா?" என்று ஒருவர் என்னையே தூங்கினவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஒரு நாள் அனுமதி வாங்கிக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். நெற்றியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிறைய பேர் அசையாமல் இருந்தார்கள். படிப்பகத்துப் பையன்கள் அத்தனை பேரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவன் மலைச்சாமி. முதல் வருஷம் பிசிக்ஸ். அலங்காநல்லூரைத் தாண்டி ஒரு கிராமம். ஆய்வுக்கூடத்தில் நின்றபடியே விழுந்து, மேஜை விளிம்பில் அடிபட்டுப் புருவத்துக்கு மேல் கட்டுப் போட்டிருந்தான். படிப்பகத்தில் அவனிடம் ஷெட்யூல் போட்டபோது கட்டைப் பார்த்துக் கேட்டேன்.

"என்னப்பா இது?"

"மண்டை நிக்க மாட்டேங்குதுண்ணே. திடீர்னு எல்லாம் மஞ்சளாத் தெரியுது."

"டாக்டர்ட்ட போனியா?"

"போகலை. பரீட்சை வரைக்கும் பாத்துட்டு ஊருக்கே போயிரலாம்னு இருக்கேன். எங்கய்யா கூட வயல்ல நின்னா ஒரு ஆள் கூலி மிச்சம். இங்க வந்து பெஞ்சில தலை சாஞ்சு கிடக்குறதுக்கு அது எம்புட்டோ தேவலை."

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

"அவங்ககிட்ட இன்னும் சொல்லலை. ஊர்ல காலேஜுக்கு வந்தது நான் ஒருத்தன்தாண்ணே. போனா எல்லாரும் கேப்பாங்க. என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

அவனிடமும் முதலில் சாப்பிட்டாச்சா என்று கேட்டிருந்தேன். அவனும் ஆச்சு என்றுதான் சொன்னான். அவன் ஷெட்யூலிலும் டிக்.

4. ஆச்சு

சேர்த்த ஷெட்யூல்களை எண்ணி அட்டவணை போடுவதற்கு டேபுலேஷன் என்று பெயர். நாலு நேர்க்கோடு, அதன் குறுக்கே ஒரு கோடு. அப்படிக் கட்டுக் கட்டாக எண்ணிக்கொண்டே போவோம். கண் எரியும், முதுகு விட்டுப்போகும். காலை உணவுக் கேள்விக்கு வந்தபோது 'ஆம்' என்ற பக்கம் முழுக்கக் கோடுகள் நிறைந்தன. 'இல்லை' என்ற பக்கத்தில் வெள்ளைக் காகிதம்தான் தெரிந்தது.

கோமதி மேடம் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"சோலை, இதுல ஒருத்தன்கூடப் பட்டினி இல்லையே."

"எல்லாரும் ஆச்சுன்னுதான் சொன்னாங்க மேடம்."

"நீ நம்புனியா?"

நம்புவதா இல்லையா என்று யோசிக்கிற வேலை எனக்குக் கொடுக்கப்படவில்லை. அப்படித்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மறுநாள் காலை வகுப்புக்கு முன்னால் படிப்பகத்துக்குப் போகலாம், ஜீப்பை எடுத்து வைங்க என்று மீரான் பாயிடம் சொன்னார்.

நாங்கள் போனபோது பையன்கள் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஈரத்தலையோடு மாடியில்லாத அந்தக் கட்டிடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். மேடத்தைப் பார்த்ததும் எல்லாரும் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார்கள்.

"என்னப்பா, சாப்பிட்டாச்சா?" என்றார் மேடம்.

"ஆச்சு மேடம்" என்று மலைச்சாமிதான் சொன்னான். "நீங்க சாப்பிட்டாச்சா மேடம்?"

"ஆச்சுப்பா."

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். கைப்பையைத் தோளில் ஏற்றப் போனவர் ஏற்றாமல் கீழே விட்டார். பிறகு படிப்பகத்து வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார். ஏதோ மயக்கமோ என்று நான் பயந்து கிட்டே போனேன்.

"மீரான் பாய், நான் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புனேன்?"

"அஞ்சரை இருக்கும் மேடம். வாசல்ல ஆரன் அடிச்சேனே."

"திருப்பரங்குன்றத்துல எந்திரிச்சு, மாமியாருக்குக் காப்பி போட்டு, பிள்ளைக்குத் தலை வாரி, அப்படியே ஓடியாந்தேன். பச்சைத்தண்ணி பல்லுல படலை. இந்தப் பையன் கேக்குறான், நான் யோசிக்கக்கூட இல்லை, ஆச்சுன்னுட்டேன்."

மீரான் பாய் ஜீப்பில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "என்னையக் கேட்டிருந்தாலும் அதேதான் மேடம். வேத்தாள் கேட்டா ஆச்சுன்னுதானே சொல்லணும்? இல்லேன்னா சோறு கேக்குற மாதிரில்ல ஆயிரும்."

பையன்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும் சிரித்துவிட்டு, அடுத்தவன் முழங்கையால் இடித்ததும் நிறுத்திக்கொண்டான்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எத்தனை ஊர்ச் சத்திரங்களில், எத்தனை முதலாளிகள் கேட்டு, வயிறு ஒட்டிக்கிடந்தபோது ஆச்சு என்று சொல்லியிருப்பேன். அது பொய் என்று தோன்றினதே இல்லை. வணக்கம் சொன்னால் வணக்கம் சொல்கிற மாதிரி அது. அதைத்தான் நாங்கள் எண்ணி அட்டவணை போட்டிருந்தோம்.

மீரான் பாய் எங்கேயோ போய் ஒரு பெரிய பொட்டலம் இட்லி வாங்கிவந்தார். பையன்கள் வேண்டாம் என்றார்கள். மறுபடியும் வேண்டாம் என்றார்கள். வகுப்புக்கு நேரமாச்சு என்று ஒருவன் புத்தகத்தை எடுத்துக்கொண்டான்.

"மாப்ள, இங்க வாங்க. எனக்குத் தனியா சாப்பிட்டாத் தொண்டையில இறங்காது. நீங்க வேணாம்னு சொன்னதை வண்டியில வச்சா வண்டி ஸ்டார்ட் ஆகாது, அது ஒரு மாதிரி ஜீப்பு." சொல்லிக்கொண்டே இலையைப் பிரித்து நடுவில் உட்கார்ந்து, முதல் இட்லியை அவரே பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். மேடமும் ஒன்றை எடுத்தார். அதற்குப் பிறகு பையன்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பொட்டலம் தீர்ந்த வேகத்தைப் பார்த்து மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று முதல் மணியில் நான் கடைசி பெஞ்சில் மறுபடி உட்கார்ந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்த்தாலும் அதை எழுதுவதற்கு ஷெட்யூலில் கட்டம் இல்லை.

5. ஒன்றிய அலுவலகம்

டைரக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஷெட்யூல் ஷெட்யூல்தான் கோமதி. வந்த பதில் பிடிக்கலைன்னு மறுபடி போய்க் கேட்டு மாத்துனா அதுக்குப் பேரு ஆராய்ச்சியா?" அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மேடம் அட்டவணைக்குக் கீழே ஒரு குறிப்பு மட்டும் எழுதினார். மார்ச் முடியக் கொஞ்ச நாளே இருந்தது.

பி.டி.ஓ. குறிப்பைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்குப் புரியுது மேடம். ஆனா ஆடிட்காரன் குறிப்பைப் படிக்க மாட்டான், டேபிளைத்தான் பாப்பான். எல்லாரும் சாப்பிட்டிருக்காங்க, நீ எதுக்குய்யா கஞ்சி ஊத்துனேன்னு கேப்பான்."

"வேற வழியே இல்லையா சார்?"

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஒரு பையனைக் கூட்டிட்டு வாங்க. எம்முன்னாடி வாயால சொல்லட்டும். வாக்குமூலமா எழுதிக் கையெழுத்து வாங்கி ஃபைல்ல வச்சுக்கிறேன். அது போதும், நான் பாத்துக்கிறேன்."

மேடம் படிப்பகத்தில் போய்க் கேட்டபோது மலைச்சாமிதான் முன்னால் வந்தான். "நான் வாரேன் மேடம். இருக்குறதைச் சொல்றதுக்கு என்ன?" நெற்றிக் கட்டு அவிழ்ந்து தழும்பு தெரிந்தது. மறுநாள் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினான். வழியெல்லாம் நன்றாகத்தான் பேசினான். மீரான் பாய் பி.டி.ஓ. மாதிரி குரலை மாற்றி, "தம்பி, காலையில சாப்பிட்டியா?" என்று கேட்பார். அவன், "இல்லைங்கய்யா, எங்களுக்குச் சாப்பாடு மதியம்தாங்கய்யா வரும்" என்பான். இரண்டு மூன்று தடவை ஒத்திகை நடந்தது. எல்லாரும் சிரித்தோம்.

அலுவலகத்து வராந்தாவில் கிணறு ஆழப்படுத்தக் கடன் கேட்டு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் மலைச்சாமியைப் பார்த்ததும் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"யே, நம்ம மலைச்சாமியில்ல! என்னடா மாப்ள, ஜீப்புல வந்து இறங்குற? அதுக்குள்ள ஆபீசர் ஆயிட்டியா?"

"இல்ல மாமா, சும்மா காலேஜ் வேலையா…"

"பாருங்கப்பா, எங்க ஊருப் பய. காலேஜு. அவங்காத்தா காடு மேடெல்லாம் அலைஞ்சு படிக்க வைக்குதுல்ல." பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அவர்களும் தலையை ஆட்டினார்கள். மலைச்சாமி சிரிக்க முயன்றான்.

உள்ளே கூப்பிட்டார்கள். பி.டி.ஓ. அறைக்குக் கதவு உண்டு, ஆனால் யாரும் அதைச் சாத்தினது கிடையாது. நாங்கள் உள்ளே போனதும் வராந்தாவில் இருந்தவர்களும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். என்ன விசேஷம் என்று பார்க்க. முன்னால் நின்றது அந்த மாமாதான்.

பி.டி.ஓ. வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார். பேனாவைத் திறந்தார். தயவாகத்தான் கேட்டார்.

"தம்பி, காலையில சாப்பிட்டியாப்பா?"

மலைச்சாமி வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை. துவைத்த சட்டையின் மேல் பொத்தானை மாட்டிக்கொண்டான்.

"சாப்பிட்டேங்கய்யா."

"இன்னைக்கு இல்லப்பா, தினமும்?"

"தினமும்ங்கய்யா. வீட்ல இருந்து நேரத்துக்குக் குடுத்து விட்டுருவாங்க."

வாசலில் நின்ற மாமா, "பெறகு? அவங்காத்தா சோறில்லாமயா விடும்?" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

பி.டி.ஓ. பேனாவை மூடினார். அவருக்குப் புரிந்துவிட்டது. மலைச்சாமியை வெளியே போய் உட்காரச் சொல்லிவிட்டு, வாசலில் நின்றவர்களையும் அதட்டி அனுப்பினார்.

"அவனைக் குத்தம் சொல்லாதீங்க மேடம். நான் தனியாக் கேட்டிருக்கணும். இனிமே கேட்டு எழுதுனா இத்தனை பேர் காதுல விழுந்ததுக்கு மாறா எழுதுன மாதிரி ஆகும். முடியாது." வெள்ளைத்தாளை மேஜைக்குள் திருப்பி வைத்தார். "படிப்பகத்துக்குப் பின்னாடி ஒரு ஷெட்டு சும்மா கிடக்கு. பக்கத்துல குழாய் இருக்கு. அங்க யாராச்சும் ஒரு அடுப்பைப் பத்த வச்சா, நான் என்ன வந்து அணைக்கவா போறேன்?"

பணம் திரும்பிப் போகும் என்பது அத்தோடு முடிவாகிவிட்டது.

திரும்பி வரும்போது ஜீப்பில் யாரும் சிரிக்கவில்லை. பாதித் தூரம் வந்த பிறகு மலைச்சாமிதான் பேசினான். பின்சீட்டிலிருந்து, முன்னால் இருந்த மேடத்தின் முதுகைப் பார்த்து.

"மாமா இன்னைக்குப் பொழுதுக்குள்ள ஊருக்குப் போயிருவாரு மேடம். நான் உள்ளதைச் சொல்லியிருந்தா, மலைச்சாமி பட்டினி கிடக்குறானாம்னு மந்தையில சொல்லுவாரு. அப்புறம் எங்காத்தா குழாயடிக்கு எப்படிப் போகும்?"

"தெரியுதுப்பா" என்றார் மேடம். "நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்."

"மத்தவங்களுக்கும் இல்லாமப் பண்ணிட்டேன்."

படிப்பகத்தில் இறங்கினவன் நேராக உள்ளே போய்த் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து எதையோ அடுக்க ஆரம்பித்ததை ஜீப்பில் இருந்தே பார்த்தேன்.

இப்போது சர்வே வேலைக்குப் போகிற பிள்ளைகளைப் பார்த்தால் ஒன்றுதான் சொல்லத் தோன்றுகிறது. சில கேள்விகளுக்கு நம் ஊரில் பதில் முன்பே தயாராக இருக்கிறது. நீ கேட்பதற்கு நூறு வருஷம் முன்னாலிருந்து தயாராக இருக்கிறது. அதை எழுதி வாங்கிக்கொண்டு வந்தால் உனக்குக் கிடைப்பது மரியாதைதான், தகவல் இல்லை. இதைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு ஒரு மார்ச் மாதம் முழுசாகப் போயிற்று.

6. மறுநாள் காலை

புராஜெக்டில் என் வேலை அன்றோடு சரி. எண்ணுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஆள் எடுப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். சலிப்பாக இருந்தது. புது ஊர் என்றால் வழக்கமாக எனக்குக் கால் தானாக நடக்கும். அன்று நடக்கவில்லை.

பின்னால் ஆரன் கேட்டது. ஜீப்பில் மீரான் பாயும் மேடமும் இருந்தார்கள். பின்னால் ஒரு அரிசி மூட்டை, ஒரு பெரிய அலுமினியப் பானை.

"சோலை, சமைக்கத் தெரியுமா?" என்றார் மேடம்.

"தெரியாது மேடம்."

"எனக்கும் ரிசர்ச் தெரியலைன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சது. ஏறு."

"இது யாரு குடுக்குற அரிசி மேடம்?"

"இது எங்க வீட்டு அரிசி. முதல் மணியில பசங்க தூங்குறாங்கன்னு புகார் சொன்னாங்கள்ல, அந்தச் சார்களை நாளைக்குப் பாக்கப் போறேன். ஆளுக்கு ஒரு படி. தூக்கத்துக்கு மருந்துன்னு சொல்லி வாங்குவேன்."

"எத்தனை நாளைக்கு மேடம் ஓடும்?"

"தெரியலை. அதை எந்த ஷெட்யூல்லயும் போட முடியாது."

மீரான் பாய், "ஏறு மாப்ள, திருப்பூர் எங்கேயும் ஓடிறாது" என்றார். ஏறினேன்.

மறுநாள் காலை இருட்டு விலகும் முன்பே ஷெட்டில் அடுப்பு மூட்டினேன். விறகு ஈரம். ஊதி ஊதிக் கண்ணில் நீர் வந்தது. அரிசியும் பாசிப்பயறும் போட்டுக் கஞ்சி. தொட்டுக்கொள்ளத் துவையல். உப்புப் போட்டேனா இல்லையா என்று சந்தேகம் வந்து மறுபடியும் போட்டேன். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பையன்கள் குழாயிலிருந்து திரும்பி வரும்போது வராந்தாவில் தட்டுகளை வரிசையாக வைத்து ஊற்றிக்கொண்டே போனேன். ஊற்றின தட்டை விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனசு வரவில்லை. உட்கார்ந்தார்கள். மலைச்சாமியும் கடைசியாக வந்து உட்கார்ந்தான். அவனுடைய டிரங்குப் பெட்டி கதவோரம் கயிறு கட்டி நின்றது.

"எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நல்லாருக்குண்ணே."

"அருமைண்ணே."

"எங்க ஆத்தா வச்ச மாதிரி இருக்குண்ணே."

எல்லாரும் தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஒன்றுக்கு இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார்கள். நான் பானையின் அடியில் மிச்சம் இருந்ததை வழித்து வாயில் போட்டுக்கொண்டேன். விழுங்க முடியவில்லை. கடல் தண்ணீர் மாதிரி இருந்தது.

கல்லூரி மணி அடித்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு எல்லாரும் போனார்கள். மலைச்சாமி மட்டும் ஷெட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்தான். பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டான்.

"அண்ணே, உப்பு ரொம்பக் கூடிருச்சு. வாயில வைக்க முடியலை. நாளைக்குக் கொஞ்சம் பாத்துப் போடுங்க."

சொல்லிவிட்டு முதல் மணிக்கு ஓடினான்.